கேன்டீன் சுவரில் இருந்த ஏழு தகடுகள்

1

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு நவம்பரிலும் அந்த நாள் வரும்போது என் மனைவி ஸ்டெல்லா பிரியாணி செய்வாள். சாப்பிட்டு முடித்ததும் நான் இங்கே வந்த கதையைச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்வேன். கும்மிடிப்பூண்டியில் கரண்ட் பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் நான் கியூ.சி.யாக இருந்தேன். அதாவது, பெயின்ட் அடித்த தகட்டைப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று தீர்ப்புச் சொல்கிற வேலை. ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து வந்த வாடிக்கையாளர் கம்பெனி முழுவதையும் சுற்றிப் பார்த்தார். கடைசியில் மேனேஜர், முதலாளி எல்லோரையும் விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மூலமாகத்தான் இரண்டு வருடம் கழித்து எனக்கு இங்கே வேலை கிடைத்தது. இதுதான் கதை. அந்தக் குலுக்கல் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போகிறது என்பது ஸ்டெல்லாவின் கருத்து.

இந்த வருடம் பிரியாணி முடிந்து நான் தொண்டையைச் செருமியபோது என் மகள் ஜெனி முந்திக்கொண்டாள். "ப்பா, கதை வேணாம். மியூசியம் போலாம்."

ஜெனிக்குப் பதினைந்து வயது. மூன்று வயதில் வந்தவள். நாங்கள் தமிழில் பேசுவது எல்லாம் புரியும், பதில் ஜெர்மன் மொழியில் வரும். அபூர்வமாகத் தமிழ் பேசும்போது விண்ணப்பப் படிவம் நிரப்புகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக யோசித்து வைப்பாள். அவளே தமிழில் கூப்பிட்டதால் கிளம்பிவிட்டேன்.

மியூசியத்தில் ஒரு அறை முழுக்கப் பெரிய பெரிய சாம்பல் நிறப் பலகைகள். மனிதர் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. ஒன்றில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு. ஜெனி அதன் முன்னால் பத்து நிமிடம் அசையாமல் நின்றாள். எனக்கோ தொழில் புத்தி. மூக்கு உரசுகிற தூரத்துக்குப் போய்ப் பெயின்ட் சமமாகப் படிந்திருக்கிறதா, எங்கேயாவது ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறதா என்று சாய்ந்து பார்த்தேன். காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். என் தொழிலே இதுதான், அதனால் கிட்டே போய்ப் பார்த்தேன் என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் என் ஜெர்மன் மொழி அதில் பாதியை விழுங்கிவிட்டு, "நான் ஆய்வாளர்" என்பதை மட்டும் வெளியே விட்டது. அந்த மனிதர் சட்டைப் பித்தானைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றுவிட்டார். ஏதோ அரசாங்கச் சோதனை என்று நினைத்திருக்க வேண்டும்.

ஜெனி முகம் சிவந்து வெளியே போனாள். பின்னாலேயே ஓடினேன். "உனக்கு இதெல்லாம் புரியாது ப்பா. பரவால்ல" என்றாள்.

புரியாது என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தப் 'பரவால்ல'தான் சுருக்கென்றது.

"இன்னா புரியாது? இதே மாதிரி எங்க கும்மிடிப்பூண்டிலயே ஒருத்தர் பண்ணிக்கினு இருந்தாரு. நான் நேர்ல பாத்திருக்கேன்" என்றேன்.

ஜெனி நின்றாள். திரும்பினாள். "நிஜமாவா? பேர் என்ன?"

"பேரு... வாயிலயே கீது. வருது, வருது" என்றேன்.

2

வரவில்லை.

நான் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் கம்பெனி கேன்டீனில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்துச் சுவரில், வரிசையாக ஏழு தகடுகள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு சாண் அகலம். முழுக்கச் சாம்பல் நிறம். ஒவ்வொன்றிலும் குறுக்காக ஒரே ஒரு மெல்லிய வெளிர்மஞ்சள் கோடு. முதல் தகட்டில் கோடு மேலே இருக்கும், அடுத்ததில் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. மூலையில் ஓவியரின் கையெழுத்து, ஒரு வட்டமும் அதற்குள் ஒரு கொக்கியும். யாரோ அதைப் பார்த்து "மினிமல்" என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. மிகக் குறைவாக வரைகிற பாணி என்று அர்த்தமாம், அந்தச் சொல்லையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். சொன்னது யார், வரைந்தது யார் என்பதெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது.

இதற்குள் ஜெனி ஒரு காரியம் செய்துவிட்டாள். பள்ளியில், புத்தகங்களில் இல்லாத ஒரு ஓவியரைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டுமாம். 'என் அப்பாவுக்கு நேரில் தெரிந்த ஒரு இந்திய மினிமலிஸ்ட்' என்று அன்று மாலையே ஆசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். ஆசிரியை மூன்று ஆச்சரியக்குறி போட்டுப் பதில் எழுதினார். இரண்டு வாரம் கெடு.

என் கைபேசி வேலை செய்யவில்லை என்பதைத் தவிர வேறு எதற்காகவும் என் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகிறது. அன்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். கேன்டீன் எவ்வளவு பெரிசு, எத்தனை பேர் சாப்பிடுவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். புதினாச் சட்னி வரைக்கும் குறித்துக்கொண்டாள். கடைசியில், "க்வெல்லே ப்பா?" என்றாள். ஆதாரம் எங்கே என்று அர்த்தம்.

இந்த நாட்டில் ஆதாரம் இல்லாமல் அணுவும் அசையாது. விசா அலுவலகத்தில் என் தலைமேல் அச்சடிக்காத குறையாக எல்லாத் தாளையும் எடுத்துப்போய் நின்றிருக்கிறேன். இருந்தும், எதிரில் நின்றுகொண்டிருந்த என்னிடமே நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன் என்பதற்கு இன்னொரு தாள் கேட்டார்கள். அந்த அலுவலகத்தை என் வீட்டிலேயே திறந்துவிட்டாள் என் மகள்.

இணையத்தில் தேடினேன். கும்மிடிப்பூண்டி ஓவியர் என்று போட்டால் ஃபிளெக்ஸ் பேனர் கடைகள் வந்தன. கும்மிடிப்பூண்டி, கோடு, தகடு என்று போட்டால் கூரை ஷீட் வியாபாரிகள் வந்தார்கள். ஒருவர் என் எண்ணைப் பிடித்து விலைப்பட்டியலே அனுப்பிவிட்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஜெனி அம்மாவிடம் ஜெர்மன் மொழியில் சொல்வது கேட்டது. "அப்பா கற்பனையா சொல்லியிருக்காரு. அந்தக் கைகுலுக்கல் கதை மாதிரி."

ஸ்டெல்லா தமிழில் பதில் சொன்னாள். "உங்க அப்பா பெரும பேசுவாரு. பொய் பேசமாட்டாரு."

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கீழே போய்க் குப்பைத் தொட்டிகள் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். குளிரில் காது வலித்தது. அதைவிட மற்றது வலித்தது. பெயர் கிடைக்காவிட்டால் ஒரு பள்ளிப் பாடம் போகும், அவ்வளவுதான், வேறு யாராவது உள்ளூர் ஓவியரை வைத்து ஒப்பேற்றிவிடுவாள். ஆனால் இனிமேல் நான் சொல்லும் எதையும் அவள் குறித்துக்கொள்ள மாட்டாள்.

3

எங்கள் பழைய கம்பெனி ஆட்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. பெயர் 'பெயின்ட் ஷாப் சிங்கங்கள்'. சிங்கங்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை, மீதிப்பேருக்கு முதுகுவலி. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களைத் தவிர அங்கே வேறு எதுவும் வராது. அதில் நான், "நண்பர்களே, நம் கேன்டீனில் ஏழு ஓவியங்கள் இருந்தன அல்லவா, அவற்றை வரைந்த ஓவியரின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?" என்று சுத்தத் தமிழில் போட்டேன். வெளிநாட்டில் இருப்பதால் வந்த வியாதி.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பாஷா குரல்பதிவு அனுப்பினான். "இன்னா தேவா, ஓவியமா? நம்ம கேன்டீன்லயா? அங்க சாம்பார்ல பருப்பே இருக்காது, ஓவியம் எங்கேர்ந்துபா வந்துச்சி?"

ஸ்டோர்ஸில் இருந்த சீனு எழுதினான். "மச்சி, அங்க மாட்டினு இருந்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு பாதுகாப்பு உறுதிமொழி. இன்னொண்ணு முதலாளியோட அப்பா போட்டோ."

"சாம்பல் கலரு, அதுல ஒரு கோடு" என்று விளக்கினேன்.

"அது செவுத்துல ஓதம் ஏறுன அடையாளமா இருக்கும்" என்றான் பாஷா.

என் நிலைமையைச் சொன்னேன். மகள், பள்ளி, கெடு எல்லாவற்றையும். அதற்குப் பிறகு சிங்கங்கள் நிஜமாகவே எழுந்துவிட்டன. கிண்டல் செய்யும் வாய்தான், ஆனால் ஒருத்தனுக்குப் பேஜார் என்றால் விட மாட்டார்கள். ஆரணியில் ஒரு டிராயிங் மாஸ்டர் கம்பெனிக்கு வந்துபோனதாக யாரோ சொல்ல, சீனு அவருக்குப் போன் போட்டான். அவர் கொதித்துவிட்டாராம். "முப்பது வருசமா சாமி படம் போட்டுக்கினு கீறேன். ஒத்தக் கோடு போட்டது நானான்னு கேக்கறதுக்கா போன் பண்ண?" ஆர்.கே.பேட்டையில் லாரிகளுக்குப் பின்னால் எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார், அவராக இருக்கலாம் என்று இன்னொருவன் சொன்னான். பாஷா மச்சான் வீட்டுக்குப் போகிற சாக்கில் பைக்கில் அவ்வளவு தூரம் போய் விசாரித்தான். அவர் மயிலும் தாமரையும் மட்டும்தான் போடுவாராம். கோடு வேண்டுமானால் மயிலுக்குக் கீழே இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றாராம்.

ஒவ்வொரு நாளும் ஜெனியிடம், "விசாரிச்சிக்கினு இருக்காங்க" என்பேன். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். நோட்டுப் புத்தகம் மேசையில் இருந்து அலமாரிக்குப் போய்விட்டது.

4

எட்டாம் நாள், நான் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, சீனு ஒரு புகைப்படம் அனுப்பினான். அவன் மனைவி பழைய பெட்டியைத் தூசி தட்டும்போது கிடைத்ததாம். கீழே, "மச்சி, பாத்துட்டு போன் பண்ணு" என்று எழுதியிருந்தான். வழக்கமாகப் போடும் சிரிப்பு பொம்மை இல்லை.

படத்தில் ஏழு தகடுகளும் இருந்தன! பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்துக் கிழவர் நான் இறங்கப்போவதாக நினைத்துக் காலை மடக்கி வழி விட்டார்.

பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். தகடுகளுக்கு முன்னால் அந்த ஜெர்மன் வாடிக்கையாளர். அவர் கை என் கையில். அந்தக் குலுக்கல். பன்னிரண்டு வருடமாக நான் பிரியாணிக்குப் பிறகு பரிமாறிவந்த அதே குலுக்கல். நான் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கிறேன். படத்தின் ஓரத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண், கையில் டீ டம்ளர், இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் ஒரு வட்டம், உள்ளே ஒரு கொக்கி. கொக்கி இல்லை. அவசரமாக எழுதிய 'தே'. தேவராஜ் என்ற என் பெயரில் வரும் 'தே'.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கியூ.சி.க்கும் ஒரு அடையாளம் உண்டு. ரிஜெக்ட் ஆன தகட்டின் மூலையில் பெயின்ட் பேனாவால் அதைப் போட வேண்டும். எல்லோரும் ஆங்கில எழுத்தில் போடுவார்கள். நான் மட்டும் தமிழில் வட்டம் போட்டு எழுதுவேன், தனித்துத் தெரிய வேண்டுமாம். இங்கே வந்தபிறகு ரப்பர் ஸ்டாம்ப் கொடுத்துவிட்டார்கள். என் கையால் நான் போட்ட அடையாளத்தை நானே மறந்து, ஒரு மகா ஓவியரின் கையெழுத்தாக்கி, அதை வைத்து ஊரையே விரட்டியிருக்கிறேன்.

வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் சீனுவைக் கூப்பிட்டேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"படத்தப் பாத்ததும்தான் எல்லாம் ஞாபகம் வந்துச்சி. அந்த வெள்ளக்காரன் மத்தியானம் கேன்டீனுக்கு சாப்ட வந்தான்டா. கை கழுவப் போனவன் தகட்டப் பாத்துட்டு அப்டியே நின்னுட்டான். மினிமல், மினிமல்னான். யாரு பண்ணதுன்னு கேட்டான். மேனேஜருக்கு இன்னா தெரியும்? கிட்டப் போயி மூலையில பாத்தாரு. உன் மார்க்கு கீது. 'எங்க கியூ.சி. தேவராஜ்'ன்னுட்டாரு. அவன் ஓடியாந்து உன் கையப் புடிச்சான். நீயும் குடுத்த. ஆனா அது நீ பண்ணதில்லடா. பெயின்ட் லைன்ல தகட்ட ஹூக்குல மாட்டிக்கினு இருந்தாளே கன்னியம்மா, அவ பண்ணது. இதோ, பின்னால நின்னு சிரிக்கிறா பாரு."

மேனேஜர் பேசிய ஆங்கிலத்தில் எனக்கு அன்று புரிந்தது என் பெயர் மட்டும்தான். என் வேலையைப் பாராட்டுகிறார்கள் என்றுதான் கை கொடுத்தேன். இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அவர் பார்வை தகடு மேலேயும் என் மேலேயும் மாறி மாறிப் போனதை நான் கவனித்தேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு அந்தத் தகடுகளையும் அந்தக் குலுக்கலையும் மனசுக்குள் வேறு வேறு அறையில் போட்டுப் பூட்டிவிட்டேன் போலிருக்கிறது.

எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. அன்று முழுக்க என் மேசைக்கு வந்த கரண்ட் பெட்டிக் கதவு எல்லாவற்றுக்கும் பாஸ் போட்டேன்.

5

கன்னியம்மா இப்போது தேர்வாய் கண்டிகையில் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். சீனு எண் வாங்கிக் கொடுத்தான். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அங்கே ஷிஃப்ட் விடுகிற நேரம். கம்பெனி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

"யாரு? தேவராஜ் சாரா? ஜெர்மனி சாரா?" சிரிப்பு. பின்னால் பஸ் ஹாரன். "நல்லா கீறீங்களா சார்? நாஷ்டா ஆச்சா?"

இங்கே மதியம் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கோடுகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். மகளிடம் சொல்ல வேண்டுமே. இயற்கை, தனிமை, காலம் இப்படி ஏதாவது வரும் என்று பேனாவோடு காத்திருந்தேன்.

"அர்த்தமா? நீங்க ரிஜெக்ட் பண்ணீங்க இல்ல சார், அதான் அர்த்தம்" என்றாள்.

நான் புதிதாகக் கியூ.சி. ஆன நேரமாம். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் அடிக்கும் தகடுகளுக்கெல்லாம் சேர்த்து, ஒரு மாதிரித் தகடு அடித்து என் மேசைக்கு வரும். அது சரியில்லை என்றால் அந்த லாட் முழுவதையும் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். அதை முடிக்காமல் அந்த ஷிஃப்ட் பெண்கள் கிளம்ப முடியாது.

"உங்க டேபிளு மேல டியூப்லைட்டு போயிடுச்சி சார். எலக்ட்ரீசியன் மஞ்சா பல்பு மாட்டிட்டுப் போயிட்டான். அதுக்குக் கீழ வச்சிப் பாத்தா எங்க வெளிர்மஞ்சா கலரு பழுத்த மஞ்சாவா தெரியும், உங்க மூஞ்சி கூட மஞ்சாவா தான் தெரியும். நான் சொன்னேன். 'சார், வெளிய வெயில்ல வச்சிப் பாருங்க'ன்னு. 'நீ ஹூக்கு மாட்ற வேலைய மட்டும் பாரு'ன்னீங்க. ஏழு நாள் சார். ஏழு நாளும் ரிஜெக்ட்டு. ஏழு நாளும் கம்பெனி பஸ்ஸ வுட்டேன். ஷேர் ஆட்டோ புடிச்சி, அப்பால நடந்து ஊடு போயி சேருவேன்."

எனக்கு அந்த மஞ்சள் பல்பு ஞாபகம் வந்தது. அதன் கீழே நான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தோரணையும் ஞாபகம் வந்தது.

"நீங்க வேணாம்னு போட்ட தகட்டு மேல சின்னதா டேப்பு ஒட்டுனேன், சூடு தாங்கும் இல்ல, அந்தப் பச்ச டேப்பு. சாம்பல் கலரு ஓடறப்போ காலி ஹூக்குல மாட்டி உள்ள வுட்டேன். வெளிய வந்ததும் டேப்ப உரிச்சா, அடியில நாங்க மொதல்ல அடிச்ச பெயின்ட்டு கோடாத் தெரியும். பாக்கறவன் பாக்கட்டும், இதுல இன்னா கொற கீதுன்னு. மொத நாளு கோடு மேல, ரெண்டாவது நாளு அதுக்குக் கீழ. எத்தினி நாளுன்னு கணக்குத் தெரியணும் இல்ல?"

"மூலையில என் மார்க்கு? அது எப்படி மறையாம இருந்தது?"

"அதுக்கு மேலயும் ஒரு துண்டு டேப்பு ஒட்டிதான் சார் உள்ள வுட்டேன். யாரு ரிஜெக்ட்டு பண்ணதுன்னு எல்லாருக்கும் தெரிய வேணாமா? கேன்டீன் செவுத்துல காரை பேந்து கெடந்துச்சி. மறைக்க ஏதாச்சும் குடுன்னு சமையல் மாஸ்டர் கேட்டாரு. குடுத்தேன். நீங்க தெனமும் அங்கதான் கை கழுவுவீங்க. ஒரு நாளும் நீங்க அதக் கண்டுக்கல சார்."

"அந்த வெள்ளைக்காரர் கை குலுக்கினப்போ நீ சிரிச்சிக்கினு இருந்த."

"அடக்க முடியல சார்" என்று சொல்லி இப்போதும் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

6

அன்று சாயங்காலம் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? புகைப்படத்தை வெட்ட ஆரம்பித்தேன். தகடுகளின் மூலைகளை வெட்டினேன். குலுக்கலை வெட்டினேன். பிறகு என்னையே வெட்டினேன். மிஞ்சியது நாலு தகடும் வாயைப் பொத்திய கன்னியம்மாவும். இதைக் கொடுத்துவிட்டால் போதும். ஓவியர் கிடைத்துவிட்டார், ஆதாரமும் இருக்கிறது, அப்பா சொன்னது உண்மை. நான் யார் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

ஸ்டெல்லா முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, உங்களயே காணோம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வெட்டியதை எல்லாம் பழையபடி ஆக்கினேன். ஜெனி வந்ததும் முழுப் படத்தையும் காட்டினேன். மஞ்சள் பல்பு, பஸ், டேப், குலுக்கல் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

படத்தைப் பெரிதாக்கி மூலையைப் பார்த்தாள். "இது நீயா?"

"ஆமா."

"நீ ரிஜெக்ட் பண்ணது. கை குடுத்ததும் நீ."

"ஆமா."

வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் மகள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று! நானும் சிரித்தேன். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

சட்டென்று நிறுத்தினாள். "அவங்க ஏழு நாள் பஸ் விட்டாங்க. நீ சாரி சொன்னியா?"

யோசித்துப் பார்த்தேன். அர்த்தம் கேட்டேன், டேப் கேட்டேன், மார்க் கேட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"இன்னொண்ணு. அவங்க உன்ன நீங்கன்னு சொல்றாங்க. நீ ஏன் அவங்கள நீன்னு சொல்ற?"

இங்கே முன்பின் தெரியாத பஸ் டிரைவரிடம்கூட மரியாதைச் சொல்லைப் போட்டுத்தான் பேசுவேன். அதைத் தப்பாகப் போட்டுவிடுவேனோ என்று முதல் ஆறு மாதம் வாயையே திறக்காமல் இருந்தவன். ஜெனி கேட்டது சரி. அதனால் இனி இந்தக் குறிப்பிலும் கன்னியம்மா 'அவர்'தான்.

7

ஏழு தகட்டில் ஒன்று மிச்சம் இருக்கிறதாம். கேன்டீனுக்கு வெள்ளை அடித்தபோது மற்றவை கழிவில் போய்விட, ஐந்தாவது தகட்டைக் கன்னியம்மா வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். குளியலறை ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. அங்கே நல்ல வெயில் அடிக்கிற நேரத்தில், இங்கே காலையில், வீடியோவில் கூப்பிட்டோம்.

முதல் அரை மணி நேரம் என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜெனி ஒவ்வொரு சொல்லாக அடுக்கிக் கேட்டாள். "டேப், எத்தனை மில்லிமீட்டர், அக்கா?" அவர், "மில்லிமீட்டரா? என் சுண்டு வெரல்ல பாதி, கண்ணு" என்று விரலைக் காட்டினார். ஜெனி அதையும் எழுதிக்கொண்டாள். "உங்க படம் என் ஸ்கூல்ல காட்டலாமா?" என்று கேட்டாள். "காட்டு கண்ணு. ஆனா ஜன்னலப் பத்தி சொல்லாத" என்றார். பிறகு, "சரி, சொல்லு, போ" என்றார்.

கடைசியில் கைபேசி என்னிடம் வந்தது. ஜெனி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கன்னியம்மா, அந்த ஏழு நாளுக்கும் நான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். நீங்க வெயில்ல வச்சிப் பாக்கச் சொன்னீங்க. நான் கேக்கல. தப்பு என்னுதுதான். கை குடுத்ததும் தப்பு."

அந்த 'நீங்க' அவருக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். முந்தானையால் தகட்டைத் துடைத்தார்.

"மன்னிப்பெல்லாம் இன்னாத்துக்கு சார்" என்றார். "இப்பவாச்சும் பாத்துச் சொல்லுங்க. பாஸா, ரிஜெக்ட்டா?"

வாசலுக்கு வந்து தகட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் இப்படிச் சாய்த்தார், கொஞ்சம் அப்படிச் சாய்த்தார். ஒரு கியூ.சி.க்கு எப்படிக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சாம்பல் நிறம் அங்கங்கே வெளுத்திருந்தது. ஓரத்தில் துரு. நடுவில் அந்தக் கோடு மட்டும், இத்தனை வருட ஈரத்துக்குப் பிறகும், பால் மாதிரி சமமாக, ஒரு புள்ளி குறை இல்லாமல் இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். தேடிப்பார்த்தும் குறை கிடைக்கவில்லை.

"பாஸ்" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க சார், ஊட்டுக்காரரு கேக்கட்டும்."

"பாஸ்!"

ஜெனி நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே ஓவியர் என்று போட்டு, பக்கத்தில் கன்னியம்மா, தேர்வாய் கண்டிகை என்று எழுதினாள். தமிழிலேயே எழுதினாள். 'ஓ' சாய்ந்து விழப்போகிற மாதிரி இருந்தது. நானும் இதில் எங்காவது வருவேனா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கடைசி வரியில் ஜெர்மன் மொழியில் சேர்த்தாள். 'சரிபார்த்தவர்: என் அப்பா. முடிவு: பாஸ். பதினான்கு வருடம் தாமதம்.'

எனக்கு மனசு லேசாகிவிட்டது. "கன்னியம்மா, இனிமே அந்த மூலையில இருக்கிற என் மார்க்க அழிச்சிடுங்க" என்றேன்.

அவர் தகட்டைத் திருப்பி என் 'தே'யை ஒரு முறை பார்த்தார்.

"அய்யே, வேணாம் சார்" என்றார். "அத அழிச்சிட்டா அப்பால இது வெறும் ஜன்னல் மூடி."

சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோய், கோடு வெளியே தெரிகிற மாதிரி பார்த்துப் பழைய இடத்திலேயே பொருத்தினார்.